தலைப்பொங்கல் மாப்பிள்ளையும் பலூன் துப்பாக்கியும்

சென்னைக் கடற்கரையில் பலூன் சுடும் கடை வைத்திருக்கும் செல்வியிடம், பொங்கல் கூட்டத்தின்போது பார்க்க வரலாமா என்று கேட்டேன். "காணும் பொங்கலுக்கு வா சார். மாட்டுப் பொங்கலன்னிக்கு நான் இங்க இருக்க மாட்டேன், ஆத்துக்குப் பூடுவேன்" என்றார். எந்த ஆறு என்றேன். பாலாறு. திருமுக்கூடல் மணலில் அன்று பெரிய கூட்டம் சேருமாம். வருஷா வருஷம் கடையைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மறுநாள் விடிவதற்குள் சென்னைக்குத் திரும்பிவிடுவாராம். கடற்கரைக் கடைக்குக் கடல் இல்லாத ஊரில் என்ன வேலை என்று கேட்டேன். கையிலிருந்த பலூனை ஊதி முடிச்சுப் போட்ட பிறகுதான் பதில் சொன்னார்.

"மணல் கீதில்ல? ஜனம் கீதில்ல? அப்புறம் இன்னா, தண்ணியிலயா சுடப் போறாங்க?"

போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இந்தக் கடைகள் மேல் எனக்கு இருக்கும் ஆர்வம் பழையது. நான் வளர்ந்தது நாகப்பட்டினத்தில். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பா எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போவார். நான்கு மரப்பெட்டிகள் தொங்கும் ராட்டினம் ஒன்று இருந்தது. மேலே ஏறும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் தொங்கினால்தான் அது சுற்றும். பக்கத்தில் ஒரு தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் கடல்கன்னி இருந்தாள். அட்டையில் செய்த மீன் உடம்பு, அதற்கு மேல் உயிருள்ள ஒரு பெண்ணின் தலை. ஒருநாள் அவள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கடலுக்குள் வெற்றிலைக் கொடி உண்டா என்று அண்ணன் கேட்டான். எங்களை உடனே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாகத் துப்பாக்கிக் கடை. பலகையில் வரிசையாகப் பலூன்கள், அவற்றுக்குக் கீழே நூலில் தொங்கும் தீக்குச்சிகள். தீக்குச்சியை யாரும் சுட்டு வீழ்த்தி நான் பார்த்ததில்லை. நான் பலூனைக்கூட வீழ்த்தியதில்லை. குழலை வேண்டுமென்றே வளைத்து வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் அடித்துச் சொன்னான். பலூனை உடைத்தால் என்ன கிடைக்கும் என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். "சத்தம் கிடைக்கும் தம்பி" என்றார். பிற்பாடு பத்திரிகையில் சேர்ந்து எத்தனையோ செய்திகளைச் சரிபார்த்தேன். குழல் வளைந்ததா இல்லையா என்பது மட்டும் சரிபார்க்கப்படாமலே இருந்தது.

தங்குவதற்குத் தனசேகர் வீடு இருந்தது. நான் வேலை பார்த்த நாளிதழுக்கு உத்திரமேரூரில் முகவராக இருந்தவர் அவர். இப்போது காவாந்தண்டலத்தில் அப்பாவோடு சேர்ந்து விவசாயம் பார்க்கிறார். "போகிக்கே வந்துடுங்க சார். தங்கச்சிக்குத் தலைப்பொங்கல், மாப்ள வராரு. வூடு நெறைய ஆளுங்க. அதனால இன்னா, உங்களுக்கு எடம் கீது" என்றார்.

போகியன்று செங்கல்பட்டிலிருந்து புறப்பட்ட உத்திரமேரூர் பேருந்தில் மனிதர்களைவிடக் கரும்பு அதிகமாக இருந்தது. யாருடைய மஞ்சள் கொத்தோ என் காதை வருடிக்கொண்டே வந்தது. சன்னலோர இருக்கை ஒன்றில் ஒரு கரும்புக் கட்டு மட்டும் தனியாகச் சாய்ந்திருந்தது.

"இது யாருது? தனியா குந்திக்கினு வருது. டிக்கெட் எடுக்கச் சொல்லு" என்றார் நடத்துநர்.

"அதுக்குப் பத்து மாசந்தாம்பா ஆவுது. அரை டிக்கெட்டுகூட கெடையாது" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். நடத்துநர் கரும்பின் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

உத்திரமேரூரில் இறங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே போண்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் போண்டாவுக்குச் சட்னியைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கே சட்னிக்குள் போண்டாவைத் தேட வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடித்தபோது, புது வேட்டி கட்டிய ஒல்லியான இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றார். பெயர் பார்த்திபன். அவர்தான் மாப்பிள்ளை. செய்யாறு பக்கத்துக்காரர், ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை.

தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளையை யாரும் வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். கேட்டேன்.

"நானே வரேன்னு சொல்லிட்டேன் சார். வூட்ல நடுவுல குந்தவச்சிக்கினு கலாய்க்கறாங்க. ஒரே பேஜாரு."

ஏரிக்கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தோம். வலதுபுறச் சந்திலிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. நான் அதைப் பார்த்தேன். டிராக்டர்காரர் எங்களைப் பார்த்தார். பார்த்திபன் பார்க்கவில்லை. நான் தோளில் அடித்துக் கத்திய பிறகுதான் முகத்தை முழுவதும் வலப்பக்கம் திருப்பினார். வண்டியை இடதுபுறம் ஒடித்தார். கரைச் சரிவில் புல்லின் மேல் விழுந்தோம்.

"இன்னாபா, இம்மாம் பெரிய டிராக்டரு கண்ணுக்குத் தெரியலியா?" என்று மேலிருந்து கேட்டுவிட்டு டிராக்டர்காரர் போய்விட்டார்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருடைய புது வேட்டியில் சேறு. அவர் திரும்பிய விதத்தைப் பார்த்திருந்ததால், வலது கண்ணில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டேன். பத்திரிகையில் இருந்தால் இப்படி நேராகக் கேட்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

"அந்தக் கண்ணு தெரியாது சார். ஆறாவது படிக்கச் சொல்ல கில்லி பட்டுச்சு. வெளியேந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"பெண் வீட்டில் தெரியுமா?"

"என் சம்சாரம் கோமதிக்குத் தெரியும். பரிசம் போட்ட மறுவாரமே போன்ல சொல்லிட்டேன். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லியிருக்கணும். எங்கப்பா வாணாம்னுட்டாரு. தலைப்பொங்கல் நல்லபடியா முடியட்டும், நானே எங்க நைனாகிட்ட பக்குவமா சொல்றேன்னு கோமதி சொல்லிக்கீது."

வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். அவர் அதை உதைத்துக் கிளப்பவில்லை.

"நாளான்னிக்கு ஆத்துக்கு இட்டுக்கினு போவாங்களாம் சார். தலைப்பொங்கல் மாப்ள துப்பாக்கி எடுத்து பலூன் சுடணுமாம். இவங்க வூட்டுப் பழக்கமாம். சுடறதுன்னா வலது கண்ணாலதான பாக்கணும்? எல்லார் எதிர்லயும் தெரிஞ்சிடும் சார். ஏமாத்திக் கட்டிக்கினான்னு சொல்லுவாங்க."

நான் தேடி வந்த கடை இவருக்கு எமனாக நின்றது.

பொங்கலன்று அந்த வீட்டில் பாலும் பேச்சும் பொங்கி வழிந்தன. கோமதியின் அப்பா முனிரத்தினம் பெரிய குரல்காரர். பிள்ளைகள் அவரை நைனா என்று அழைக்கிறார்கள். துப்பாக்கி விஷயம் எப்படி வந்தது என்று விசாரித்தேன்.

"மாடு புடிக்கற ஊரு இல்லியே நம்முது. மாப்ள எப்படிப்பட்ட ஆளுன்னு வேற எப்படிப் பாக்கறது?" என்றார். "என்ன எங்க மச்சானுங்க இட்டுக்கினு போனாங்க. நான் சுட்டேன். கடைக்காரன் தொப்பி போச்சு."

மூத்த மருமகன் ஒருவர் உண்டு. இந்தப் பொங்கலுக்கு அவர் வரவில்லை. அவர் வைத்த குறி வானத்தைப் பார்த்துப் போனதால், அந்த வீட்டில் அவருக்கு இன்றுவரை ஆகாசம் என்றுதான் பெயர். "ஆகாசத்துக்கு பொங்கல் எடுத்து வச்சியா?" என்று மாமியாரே சாதாரணமாகக் கேட்கிறார்.

"உனக்கு இன்னா பேரு வக்கலாம் மாப்ள?" என்று தனசேகர் பார்த்திபனைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இப்பவே சொல்லிடு. ரேஷன் கார்டுல ஏத்தணும்."

"அண்ணா, அவர சும்மா வுடு" என்றாள் கோமதி.

"பாத்தியா நைனா? கல்யாணம் ஆவற வரிக்கும் இது என் கட்சி."

கோமதி எங்கே உட்கார்ந்தாலும் கணவனுக்கு வலப்பக்கமாகத்தான் உட்கார்ந்தாள். தண்ணீர்ச் சொம்பை யாராவது அந்தப் பக்கத்திலிருந்து நீட்டினால், அவள் வாங்கி அவர் கையில் கொடுத்தாள். தெரிந்தவனுக்கு மட்டுமே தெரியும் வேலை அது. மாலையில் என் முழங்கைக்கு மஞ்சள் பற்று கொண்டுவந்தாள்.

"டிராக்டரு எந்தப் பக்கத்துலேந்து வந்துச்சு சார்?" என்றாள் மெதுவாக.

"வலப்பக்கம்."

பற்றுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லலியே?"

"நான் இப்போது பத்திரிகையில் இல்லை அம்மா" என்றேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. நாளைக்குத் தலைவலி என்று சொல்லி எல்லோரையும் சீக்கிரம் கிளப்பிக்கொண்டு வந்துவிடப் போவதாகச் சொன்னாள்.

மறுநாள் மாடுகளுக்குப் படைப்பதைச் சீக்கிரமே முடித்துவிட்டு, டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி அதன் மேல் உட்கார்ந்து கிளம்பினோம். அன்று காஞ்சிபுரத்துப் பெருமாள் ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவார். சுற்று ஊர்களின் பெருமாள்களும் அவரைப் பார்க்க வந்து சேர்வார்கள். சாமிகள் சந்திக்கும் நாளில் ஆட்களும் சந்தித்துக்கொள்கிறார்கள். வண்டிக்கு வண்டி நலம் விசாரிப்பு நடந்தது. "பொண்ணு எப்படி கீது?" "தோ, மாப்ளயோட வந்துகீது பாரு."

ஆற்றில் ஒரு கரையோரமாகத்தான் தண்ணீர். மீதி எல்லாம் மணல். அதன் மேல் ராட்டினம், பொரிக்கடை, மிளகாய் பஜ்ஜி, பிளாஸ்டிக் சாமான்கள். கண்ணை மூடிக்கொண்டால் நாகப்பட்டினம்தான்: அதே ஊதல் சத்தம், அதே எண்ணெய் வாசனை, காலுக்கடியில் அதே வெதுவெதுப்பு. ஆனால் காற்றில் உப்பு இல்லை. கைக்குழந்தைகள் அலையைக் கண்டு அழவில்லை.

நான் முன்னதாகவே செல்வியின் கடைக்குப் போய்விட்டேன். கறுப்புத் துணி போர்த்திய பலகையில் பலூன்களைக் கட்டிக்கொண்டிருந்தார். என் பழைய சந்தேகத்தைக் கேட்டேன். அவர் துப்பாக்கியை நடுவில் மடக்கி, குழலை வானத்துக்கு நேராகப் பிடித்தார்.

"நீயே பாரு."

பார்த்தேன். வட்டமாக நீல வானம் தெரிந்தது. நேரான குழல்.

"வளைக்கறதுக்கு எங்களுக்கு வேற வேல இல்லியா? ரவ போட ஒவ்வொரு தபாவும் இத்த நடுவுல ஒடிக்கிறோம். ஒடிச்சு ஒடிச்சு மூட்டு ஆடிப் பூடும். அப்புறம் அதும்பாட்டுக்கு இழுக்கும். இது வலப்பக்கம் இழுக்குது. அது கீய இழுக்குது."

"வருகிறவர்களிடம் சொல்லுவீர்களா?"

"கேட்டா சொல்லுவேன். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. துப்பாக்கி கைக்கு வந்தா எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிடும்."

சின்ன வயதிலிருந்து இருந்த கேள்வி அத்தனை சுலபமாகத் தீர்ந்தது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நானும் சுட்டுப் பார்த்தேன். படவில்லை. இந்த முறை குழலைக் குறை சொல்லவும் வழியில்லை.

அதற்குள் தனசேகர் வீட்டார் வந்துவிட்டார்கள். கோமதி தலைவலி என்று ஆரம்பித்தாள். "வெயிலுக்கு வலிக்கும். கரும்புச் சாறு குடி, போயிடும்" என்று அவள் அம்மா முடித்துவிட்டார். தனசேகர் துப்பாக்கியை எடுத்துப் பார்த்திபன் கையில் வைத்தார். தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

பார்த்திபன் துப்பாக்கியை வலது தோளில் வைத்தார். எல்லோரும் செய்வதுபோல இடது கண்ணை மூடினார். அதாவது, பார்க்கும் கண்ணை மூடிக்கொண்டார். இருட்டைப் பார்த்துச் சுட்டார். ரவை துணியில் பட்டது.

"மொத பலூனு தப்பிச்சிடுச்சு. ஆயுசு கெட்டி" என்றார் தனசேகர்.

இன்னொரு ரவை. பலகைக்கு மேலே போயிற்று. சிரிப்பு பெரிதானது. "மாப்ள, கடை இந்தப் பக்கம் கீது." "ஆகாசத்துக்குத் தம்பி பொறந்துட்டான்டா." முனிரத்தினம் வேட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பார்த்திபன் கழுத்தெல்லாம் வியர்வை. மூன்றாவது ரவையும் எங்கோ போயிற்று.

கோமதி அதுவரை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சட்டென்று முன்னால் வந்தாள்.

"இடது பக்கம் வச்சு சுடு" என்றாள். எல்லோர் காதிலும் விழுந்தது.

"ஏன், அவரு இடது கைக்காரரா?" என்றார் தனசேகர்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பார்த்திபன் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"இல்ல மச்சான். எனக்கு வலது கண்ணு தெரியாது."

சிரிப்பு ஒரே சமயத்தில் நிற்கவில்லை. பின்னால் நின்றவர்களிடம் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. தனசேகர் தங்கையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"உங்கப்பா எங்க நைனா எதிர்ல குந்திக்கினு இன்னா சொன்னாரு? பையனுக்கு ஒரு கொறையும் இல்லன்னாரு."

செல்விக்கு இதெல்லாம் கணக்கில்லை. "பின்னாடி ஆளு நிக்குது. சுடறியா, குடுக்கறியா?" என்றார்.

பார்த்திபன் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினார். பிறகு செல்வியிடம் கேட்டார்: "எந்தப் பக்கம் இழுக்குதுக்கா?"

செல்வி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "வலப்பக்கம். ஒரு சாண் இந்தாண்ட வையி."

இப்போது அவர் எந்தக் கண்ணையும் மூடவில்லை. மூட வேண்டிய தேவை இல்லை. சிவப்புப் பலூன் ஒன்று வெடித்தது. விஷயம் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். எங்களோடு வந்தவர்களில் யாரும் தட்டவில்லை.

திரும்பும்போது டிராக்டர் பெட்டியில் கோமதியின் அம்மா பொரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். பாதி வழியில் முனிரத்தினம் மகளைக் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா."

"எப்பலேந்து?"

"பரிசம் போட்ட மறுவாரத்துலேந்து."

"தெரிஞ்சுதான் கட்டிக்கினியா?"

"தெரிஞ்சுதான்."

வீட்டில் இலை போட்டபோது, "சோறு இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாப்ள" என்றார் தனசேகர். முதல் நாள் வரை "துன்னு மாப்ள" என்று முதுகில் தட்டியவர். யாரும் கேலி செய்யவில்லை. எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். பார்த்திபன் அந்த மரியாதையை ஒவ்வொரு கவளமாக விழுங்கினார். பலூனை அவர் உடைத்திருந்தும், அவருக்கு அந்த வீட்டில் ஒரு பெயரும் வைக்கப்படவில்லை. நாளை காலை அவர் தனியாகத்தான் ஊர் திரும்ப வேண்டியிருக்குமோ என்று எனக்கே தோன்றியது.

காணும் பொங்கல் காலை. நான் பேருந்துக்குக் கிளம்ப வேண்டும். முனிரத்தினம் மாட்டுக் கொட்டகையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, மருமகன் எதிரில் நின்றார்.

"இன்னொரு கண்ணு நல்லா கீதா?"

பார்த்திபன் எழுந்து நின்றார். "நல்லா கீது மாமா."

"வருசா வருசம் டாக்டராண்ட காட்டணும். உங்கப்பாகிட்ட நான் பேசுவேன். உன் எதிர்ல பேச மாட்டேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள." கொஞ்சம் நின்று, "குந்து. நாஷ்டா ஆறுது" என்றார்.

இட்லி, கறிக்குழம்பு, உளுந்து வடை. வடையும் கறிக்குழம்பும் சேர்வதை நான் இந்தப் பக்கத்தில்தான் பார்த்தேன். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே வேளையில் இலைக்கு வருவதில்லை. பார்த்திபன் வடையைக் கடைசியாகச் சாப்பிடும் ரகம் போலிருக்கிறது, இலையின் வலது ஓரத்தில் அதை ஒதுக்கி வைத்திருந்தார். கோமதி குழம்பு எடுக்க உள்ளே போயிருந்தாள். தனசேகர் வந்து அந்த வலதுபுறம் உட்கார்ந்தார். இரண்டு இட்லியைப் பிட்டார். பிறகு நிதானமாகக் கையை நீட்டி மாப்பிள்ளையின் வடையை எடுத்துப் பாதியைக் கடித்தார். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பார்த்திபனைத் தவிர.

கொஞ்ச நேரம் கழித்து அவர் விரல்கள் இலை ஓரத்துக்குப் போயின. அங்கே ஒன்றுமில்லை. முகத்தை முழுவதும் திருப்பினார்.

"மச்சான், என் வட எங்க?"

"இன்னா வட?" என்றார் தனசேகர், வாய் நிறைய மென்றுகொண்டு. "நான் ஒண்ணும் பாக்கல. நீ பாத்தியா?"

முனிரத்தினத்தின் கையில் தம்ளர் அப்படியே நின்றது. குழம்புக் கிண்ணத்தோடு வந்த கோமதி வாசற்படியில் நின்றுவிட்டாள்.

பார்த்திபன்தான் முதலில் சிரித்தார். பிறகு எட்டி, தனசேகர் கையிலிருந்த மிச்சப் பாதி வடையைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.